செருகியும் குதையும்: உருகி காக்காத இடம்

(விஞ்ஞானம், வடிவமைப்பு, மின், இலத்திரனியல் தொழினுட்பவியல் பாடங்களுக்கான விளக்கக் கட்டுரை)

மாணவர்களே,

மூவூசிச் செருகியின் படத்தைத் தந்து உறுப்புகளைப் பெயரிடச் சொன்னால் உங்களிற் பெரும்பாலானோர் முழுப் புள்ளியும் பெறுவீர்கள். அதே படத்தின் கீழே "புவியூசி மற்றைய இரண்டையும் விட நீளமாக அமைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் தருக" என்று ஒரு வரி வந்தால் பலருடைய பேனா நின்றுவிடுகிறது. பெயர்களை மனனம் செய்தவருக்குக் காரணம் தெரியாது. காரணத்தை விளங்கிக்கொண்டவருக்கோ பெயரைத் தனியாக மனனம் செய்யும் தேவையே இல்லை. நான் கலைப்பட்டதாரி. ஒரு பொருளின் வரலாற்றைக் கேட்டு அதன் வடிவத்தை விளங்கிக்கொள்வதே எனக்குப் பழக்கமான வழி. அந்த வழியிலேயே செருகியையும் குதையையும் இங்கு பார்ப்போம்.

இதைப் படிக்கும் உங்களிற் பலர் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகள். உங்களுக்கு இது பரீட்சைப் பாடம் மட்டுமல்ல. ஏன் என்பது கட்டுரையின் நடுப்பகுதியில் விளங்கும்.

1. இணைப்பி என்றால் என்ன?

மின்சுற்று ஒன்றிற் கடத்தி எங்கும் அறாமல் இருப்பதே நல்லது. ஆனால் மின்கேத்தலை அடுப்படியில் இருந்து எடுக்க வேண்டும், தொலைபேசியைச் சார்ஜரில் இருந்து கழற்ற வேண்டும். ஆகவே சுற்றை ஓரிடத்தில் நாமே வெட்டி, வேண்டியபோது சேர்க்கவும் பிரிக்கவும் வசதி செய்கின்றோம். அந்த இடத்தில் வைக்கப்படும் உறுப்பே இணைப்பி. செருகியும் (பிளக்) குதையும் (பிளக் பேஸ்) சேர்ந்த சோடி, வீட்டில் நாம் அதிகம் கையாளும் இணைப்பி ஆகும்.

நல்ல இணைப்பி மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்.

(அ) சேர்ந்திருக்கும்போது மின்னோட்டத்தைத் தடையின்றிக் கடத்த வேண்டும்.
(ஆ) சேர்க்கும்போதும் பிரிக்கும்போதும் கையைக் காக்க வேண்டும்.
(இ) தவறான முறையிற் செருக இடம் கொடுக்கக் கூடாது.

இனி எந்த இணைப்பியைக் கண்டாலும் அதன் ஒவ்வோர் உறுப்பும் இம்மூன்றில் எந்த வேலைக்கு உரியது என்று கேளுங்கள்.

2. 13 அம்பியர்ச் செருகி: உறுப்பும் காரணமும்

நமது வீடுகளில் நெடுங்காலம் மூன்று வகைக் குதைகள் கலந்திருந்தன. வட்ட ஊசி கொண்ட 5 அம்பியர், வட்ட ஊசி கொண்ட 15 அம்பியர், சதுர ஊசி என்று நாம் சொல்லும் 13 அம்பியர் என்பவை அவை. ஒன்றின் செருகி மற்றதற்குப் பொருந்தாததால் வீட்டுக்கு வீடு அடப்ரர்களும் மல்ரி பிளக்குகளும் பெருகின. இக்குழப்பத்தை நீக்க, 13 அம்பியர் வகையையே வீட்டுப் பாவனைக்குரிய தேசிய நியமமாக்கும் நடவடிக்கையை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்னெடுத்தது. 2018 ஆகஸ்ட் மாதத்துடன் மாறுகாலம் முடிந்தது. பழைய வீடுகளில் வட்டக் குதைகளை இன்றும் காணலாம்.

13 அம்பியர்ச் செருகி பிரித்தானியாவிற் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், போருக்குப் பின் கட்டப்படும் வீடுகளுக்கான மின்னமைப்பைப் பற்றி ஒரு குழு ஆராய்ந்தது. அதன் ஒரேயொரு பெண் உறுப்பினர் கரோலைன் ஹஸ்லற் என்னும் மின்பொறியியலாளர். வீட்டிற் சிறுபிள்ளைகள் இருப்பார்கள் என்பதை முன்வைத்துப் பாதுகாப்பை வலியுறுத்தியவர் அவர். பி.எஸ். 1363 என்னும் அந்த நியமம் 1947 இல் வெளியாயிற்று. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புவியூசி: இது மற்றைய ஊசிகளை விட ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமானது. செருகும்போது முதலிலே தொடுவதும் கழற்றும்போது கடைசியிலே பிரிவதும் இதுவே. ஆகவே உயிர்க்கம்பி இணைந்திருக்கும் எந்தக் கணத்திலும் சாதனத்தின் உலோக உடல் புவியுடன் இணைந்திருக்கும்.

மூடி: குதையின் கீழிரு துளைகளுக்கும் உள்ளே மூடி உண்டு. நீண்ட புவியூசி மேல் துளைக்குள் நுழைந்து மூடியைத் தள்ளித் திறக்கும். (சில வகைகளில் ஊசிகள் சேர்ந்து அழுத்தினாலே மூடி திறக்கும்.) சிறுபிள்ளை ஆணியையோ ஊசியையோ கீழ்த் துளையில் நுழைக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

உருகி: அந்நியமத்தோடு அறிமுகமான வளையச் சுற்றில் பல குதைகள் ஒரே தடித்த கம்பியிற் பங்குகொள்கின்றன. அந்தச் சுற்றின் பெரிய உருகி, மேசை விளக்கின் மெல்லிய கம்பியைக் காக்காது. எனவே ஒவ்வொரு செருகிக்குள்ளும் தனி உருகி வைக்கப்பட்டது. 3 அம்பியர், 13 அம்பியர் என்பன பொதுவானவை.

ஊசிகளின் காவலுறை: உயிர், நொதுமல் ஊசிகளின் அடிப்பகுதி கறுத்தப் பிளாஸ்ரிக்கால் மூடப்பட்டிருக்கும். செருகி பாதி வெளியே வந்த நிலையில் விரல் பட்டாலும் உலோகத்தைத் தொடாது.

கம்பிப்பிடி: வயரைப் பிடித்து இழுத்தாலும் விசை திருகாணிகளுக்குப் போகாமல் இது தாங்கிக்கொள்ளும்.

கம்பிகளின் நிறம்: உயிர்க்கம்பி கபிலம், நொதுமல் நீலம், புவி பச்சையும் மஞ்சளும். செருகியைத் திறந்து புவி முனை மேலே இருக்கப் பிடித்தால் உயிர் முனை வலக்கீழ், நொதுமல் இடக்கீழ். உருகி உயிர் முனையின் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே புவிக்கம்பியைச் சற்று நீளமாக விட வேண்டும். பிடி தளர்ந்து வயர் இழுபட்டாலும் புவிக்கம்பி கடைசியாகவே அறும்.

நினைவிற் கொள்க: சில சார்ஜர்களின் புவியூசி பிளாஸ்ரிக்காக இருக்கும். இவை இரட்டைக் காவலிடப்பட்ட சாதனங்கள், ஒன்றினுள் ஒன்றாக இரண்டு சதுரம் வரைந்த குறி இவற்றில் இருக்கும். தொடக்கூடிய உலோக உடல் இல்லாததால் புவித்தொடுப்பு வேண்டியதில்லை. அந்தப் பிளாஸ்ரிக் ஊசியின் வேலை மூடியைத் திறப்பது மட்டுமே.

3. பேனா மூடி செருகும் பழக்கம்

இரண்டு ஊசிச் செருகியை 13 அம்பியர்க் குதையிற் போடுவதற்குப் பேனா மூடியையோ தடியையோ மேல் துளையில் நுழைத்து மூடியைத் திறக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. இதில் என்ன தவறு என்று பாடத்தின்படியே பார்ப்போம்.

முதலாவது, பிள்ளைகளைக் காக்கும் மூடி திறந்தே நிற்கிறது. இரண்டாவது, இரண்டு ஊசிச் செருகிகளிற் பெரும்பாலானவற்றில் உருகி இல்லை. மூன்றாவது, தட்டையான ஊசிக்கென வளைத்த வில்லுக்குள் மெல்லிய வட்ட ஊசி நுழைகிறது. அது வில்லை ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொட்டு ஆடிக்கொண்டிருக்கும். முதலிரண்டையும் அநேகமானோர் எழுதுகின்றனர். மூன்றாவதை எழுதுவோர் மிகச் சிலரே. பெரிய ஆபத்து அந்த மூன்றாவதிலேதான் ஒளிந்திருக்கிறது.

4. தொடுகைத் தடை

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், நுணுக்கமாகப் பார்த்தால் அவற்றின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமானது. மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அச்சிறு புள்ளிகளின் ஊடாகவே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். இதனால் உண்டாகும் தடையே தொடுகைத் தடை. குதையினுள் இருக்கும் வில் ஊசியை இறுகப் பற்றினால் தொடும் புள்ளிகள் கூடும், தடை குறையும். வில் தளர்ந்தால், அல்லது மேற்பரப்பில் அழுக்கோ களிம்போ படிந்தால், தடை கூடும்.

இதைக் கணக்காக்கிப் பார்ப்போம்.

2300 வாற்று மின்கேத்தல் ஒன்று 230 வோல்ற்று வழங்கலில் இயங்குகிறது.

ஓட்டம் = வலு ÷ அழுத்தவேறுபாடு = 2300 ÷ 230 = 10 அம்பியர்

கேத்தலின் தடை = 230 ÷ 10 = 23 ஓம்

இப்போது செருகிக்கும் குதைக்கும் இடையே 0.5 ஓம் தொடுகைத் தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். அது கேத்தலுடன் தொடராக அமைகின்றது.

மொத்தத் தடை = 23 + 0.5 = 23.5 ஓம்

ஓட்டம் = 230 ÷ 23.5 = 9.79 அம்பியர் (ஏறத்தாழ)

தொடுகையில் வெப்பமாகும் வலு = ஓட்டம் × ஓட்டம் × தடை = 9.79 × 9.79 × 0.5 = 48 வாற்று (ஏறத்தாழ)

இதே முறையிற் கணித்தால் தொடுகைத் தடை 0.1 ஓம் ஆகும்போது ஏறத்தாழ 10 வாற்றும், 0.01 ஓம் ஆகும்போது ஏறத்தாழ 1 வாற்றும் வெப்பமாகும். ஈயம் பிடிக்கும் சிறிய பற்றாசுக்கோல் 25 வாற்று அளவினது. அதைப் போல இரு மடங்கு வெப்பம் உங்கள் அடுப்படிச் சுவரில், பிளாஸ்ரிக்குக்கு நடுவே, ஓர் அரிசி அளவான இடத்தில் உண்டாகிறது.

இக்கணக்கில் மிக முக்கியமான விடை 48 அல்ல. ஓட்டத்தைப் பாருங்கள். 10 அம்பியர் 9.79 ஆகக் குறைந்திருக்கிறது. உருகி ஓட்டம் கூடினால்தான் உருகும். சிறு சுற்றுடைப்பானும் ஓட்டம் கூடினால்தான் விழும். ரிப் சுவிச் என்று நாம் சொல்லும் மீதி ஓட்டச் சுற்றுடைப்பான், உயிர்க்கம்பியிற் போன ஓட்டம் நொதுமலில் முழுவதும் திரும்பாமல் வெளியே கசிந்தால்தான் விழும். வீடுகளில் அது பொதுவாக 30 மில்லியம்பியர்க் கசிவுக்கு அமைக்கப்பட்டிருக்கும். இங்கே ஓட்டம் கூடவுமில்லை, கசியவுமில்லை. மூன்று காவலர்களும் விழித்திருக்க, மூவருக்கும் தெரியாமல் குதை எரிகிறது.

மேலும், சூடேறிய வில் தன் இறுக்கத்தை இழக்கும். இறுக்கம் குறையத் தடை கூடும். தடை கூட வெப்பம் கூடும். ஒன்று மற்றதை வளர்த்துக்கொண்டே போகும். இந்த ஆபத்தை முதலில் அறியக்கூடிய கருவி வீட்டில் உள்ளவரின் கண்ணும் மூக்கும் கையுமே.

5. தீவகத்தில் இது ஏன் விரைவாக நடக்கிறது?

கடற்காற்று தன்னோடு நுண்ணிய உப்புத்துளிகளைச் சுமந்து வருகிறது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஆகவே உலோகத்தின் மேல் உப்புக்கரைசலாலான மெல்லிய படலம் நிற்கிறது. உப்புக்கரைசல் ஒரு மின்பகுபொருள் என்பதை இரசாயனத்திற் படித்திருக்கிறீர்கள். பித்தளை ஊசி மங்கிப் பச்சைக் களிம்பு பிடிப்பதும், இரும்புத் திருகாணி துருவேறி இறுகிப்போவதும் இதனாலேயே. களிம்பும் துருவும் உலோகத்தைப் போல நன்றாகக் கடத்துவதில்லை.

இரண்டு வேறு உலோகங்கள் சேருமிடத்தில் நிலைமை இன்னும் மோசம். அலுமினியக் கம்பியையும் செப்புக் கம்பியையும் வெறுமனே முறுக்கிவிட்டால், உப்புக்கரைசலின் நடுவே அது ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. உலோகங்களின் தாக்கத் தொடரில் மேலே உள்ள அலுமினியம் அரிக்கப்படும். இவ்விரு உலோகங்களையும் இணைப்பதற்கென்றே தனி இணைப்பிகள் செய்யப்படுவதன் காரணம் இதுதான்.

கோயில் திருவிழாக் காலத்தில் வீதி நெடுகக் கட்டப்படும் மின்விளக்குச் சோடனையைக் கவனியுங்கள். வயரை முறுக்கி மேலே ரேப் சுற்றிய தற்காலிகத் தொடுப்புகள் அதிற் பல இருக்கும். உள்நாட்டில் பல நாள் தாக்குப்பிடிக்கும் அத்தகைய தொடுப்பு, கடற்கரையில் விரைவிலேயே கறுத்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒரு நல்ல குதையோ செருகியோ வேண்டுமென்றால் பெரும்பாலும் குறிகட்டுவானில் இருந்து படகேறித்தான் வரவேண்டும். அதனால் பழையதை வைத்தே சமாளிக்கும் எண்ணம் வருவது இயல்பு. ஆனால் சமாளிக்கக்கூடாத உறுப்பு ஒன்று உண்டென்றால் அது இதுவே.

6. தொலைபேசியின் சிறு துளை

சார்ஜர் வயர் ஓர் இலத்திரனியல் இணைப்பி. இங்கும் அதே தத்துவங்களைக் காணலாம். கணினியிற் செருகும் தட்டையான யூ.எஸ்.பி. முனையினுள் நான்கு தொடுமுனைகள் உண்டு. வலு கொண்டுவரும் வெளி இரண்டும் நீளம், தரவு செல்லும் நடு இரண்டும் குட்டை. முதலில் வலு இணைந்து பின்னரே தரவு இணையும். நீண்ட புவியூசியின் அதே வரிசை முறை இங்கே திரும்ப வருவதைப் பாருங்கள்.

2014 இல் வெளியான சி வகை இணைப்பியில் 24 தொடுமுனைகள் உண்டு. எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் பொருந்துமாறு அவை சமச்சீராக அடுக்கப்பட்டுள்ளன. தவறாகச் செருக முடியாது என்னும் மூன்றாம் தத்துவம் இங்கே முழுமை பெறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைத்தொலைபேசிகளுக்கு இவ்வகையையே பொதுவாக்கியது. மூன்று வகைக் குதைகளை நாம் ஒன்றாக்கியதற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றுதான்.

இந்தத் தொடுமுனைகளுக்கு மெல்லிய பொன்முலாம் பூசுவது ஏன்? பொன் தாக்குதிறன் மிகக் குறைந்த உலோகம், அதிற் களிம்பு பிடிக்காது. ஆனால் முலாம் மெல்லியது, தேயும். 5 வோல்ற்று, 2 அம்பியர்ச் சார்ஜரில் தொடுகைத் தடை 0.5 ஓம் ஆனால் 2 × 0.5 = 1 வோல்ற்று இழக்கப்படும். 230 வோல்ற்றில் 1 வோல்ற்று போனால் யாருக்கும் தெரியாது. 5 வோல்ற்றில் 1 போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சார்ஜ் ஏற நேரமெடுப்பது இதனாலும் ஆகலாம்.

கடல்நீர் பட்ட தொலைபேசியை உடனே சார்ஜரிற் போடக்கூடாது. சி வகையில் தொடுமுனைகளின் நடுவிடைத் தூரம் 0.5 மில்லிமீற்றர் மட்டுமே. இடையில் ஒரு துளி உப்புநீர் நிற்க மின்னழுத்தம் கொடுத்தால் அங்கே மின்பகுப்பு நடக்கும், நேர்முனை உலோகம் கரையும்.

7. சூரியப் படலின் இணைப்பி

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையமைப்போடு சேராமல் டீசல் மின்பிறப்பாக்கிகளால் மின் பெற்று வந்தவை. இம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு, இந்தியாவின் 11 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடையுடன் 2024 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அதில் 1700 கிலோவாற்று சூரியவலு, 530 கிலோவாற்று காற்றுவலு, 2400 கிலோவாற்று மணி மின்கலச் சேமிப்பு, 2500 கிலோவாற்று மாற்று டீசல் வலு ஆகியவை திட்டமிடப்பட்டன. ஆகவே சூரியப் படலின் இணைப்பியையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வருவது ஆடலோட்டம், 50 ஏட்சு. அது ஒரு செக்கனில் 100 தடவை பூச்சியத்தைக் கடக்கும். செருகியைக் கழற்றும்போது தோன்றும் பொறி அந்தக் கணத்தில் அணைந்துவிட வாய்ப்புண்டு. சூரியப் படல் தருவது நேரோட்டம். அது பூச்சியத்துக்கு வருவதேயில்லை. ஓட்டம் செல்லும்போது பிரித்தால் பொறி மின்வில்லாக நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே இவற்றின் இணைப்பிகள் கையால் இழுத்தவுடன் கழராதவாறு பூட்டோடு அமைகின்றன. நேர்முனைக்கும் மறைமுனைக்கும் வடிவம் வேறு. உள்ளே இறப்பர் வளையம் இருந்து உப்புநீரைத் தடுக்கும்.

இத்தகைய இணைப்பிகளில் "ஐ.பி. 67" போன்ற குறி இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. 6 என்றால் தூசு முற்றாகப் புகாது. 7 என்றால் 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் வைத்தாலும் பாதிக்குமளவு நீர் புகாது. வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பிகளைக் கலந்து பொருத்தக் கூடாது. வெளியே பொருந்தினாலும் உள்ளே தொடுகை சரியாக அமையாது போகலாம். அதன் விளைவை 4ஆம் பகுதியிற் கணித்துவிட்டோம்.

8. மாதிரி வினாக்கள்

வினா 1: 60 வாற்று மேசை விளக்குக்கு 3 அம்பியர், 13 அம்பியர் உருகிகளில் எது பொருத்தம்? காரணம் தருக.
விடை: ஓட்டம் = 60 ÷ 230 = 0.26 அம்பியர் (ஏறத்தாழ). எனவே 3 அம்பியர் உருகி பொருத்தம். 13 அம்பியர் உருகியிட்டால் வழுவின்போது அது உருகுமுன் விளக்கின் மெல்லிய வயர் சூடேறித் தீப்பற்றலாம்.

வினா 2: உருகி உயிர்க்கம்பியில் இணைக்கப்படுவது ஏன்?
விடை: உருகி உருகியதும் சாதனம் உயிர்க்கம்பியில் இருந்து பிரிக்கப்படும். நொதுமலில் இருந்தால் ஓட்டம் நின்றாலும் சாதனம் உயிர்நிலையிலேயே இருக்கும். தொடுபவர் மின்தாக்குதலுக்கு உள்ளாவார்.

வினா 3: தளர்ந்த குதை சூடாகும்போது உருகி உருகாமைக்குக் காரணம் யாது?
விடை: தொடுகைத் தடை சாதனத்துடன் தொடராக அமைவதால் மொத்தத் தடை கூடி ஓட்டம் சற்றுக் குறைகிறது. உருகி ஓட்டம் கூடினால் மட்டுமே உருகும்.

விடையெழுதும்போது "பாதுகாப்புக்காக" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எதில் இருந்து பாதுகாப்பு, எவ்வாறு என்று எழுதினாலே காரணம் நிறைவு பெறும்.

9. வீட்டிற் செய்ய வேண்டியவை

இன்று மாலை கேத்தல், மின்னழுத்தி, றைஸ்குக்கர் ஆகியவற்றைப் பாவித்து முடித்ததும் ஆளியை நிறுத்திச் செருகியைக் கழற்றி, அதன் பிளாஸ்ரிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, ஊசியிற் கறுப்பு, குதையின் துளையைச் சுற்றிக் கபில நிறம், செருகி தானாக வழுகி விழுதல் ஆகியவை எச்சரிக்கைகள். சில பிளாஸ்ரிக்குகள் சூடேறும்போது மீன் வாடை போன்ற மணம் வரும். கடற்றொழில் செய்யும் வீட்டில் அந்த மணத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நீங்கள் பொருட்படுத்துங்கள்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தக் குதையைப் பாவிப்பதை நிறுத்தி வீட்டுப் பெரியவரிடம் சொல்லுங்கள். குதையை நீங்களே திறக்க வேண்டாம். அது மின்னிணைப்பாளரின் வேலை. காரணத்தை எடுத்துச் சொல்வது உங்கள் வேலை. "உருகி இருக்கிறதுதானே, என்ன பயம்?" என்று அப்பா கேட்டால், 23 உடன் 0.5 ஐக் கூட்டிக் கணக்கைச் செய்து காட்டுங்கள். அதைச் செய்து காட்டக்கூடியவர் பரீட்சை மண்டபத்தில் இந்த அலகுக்குப் பயப்பட வேண்டியதில்லை.